பீரோவில் கிடக்கும் டிஎஸ்எல்ஆரை மறுபடி கையில் எடுக்க

2008-க்கும் 2015-க்கும் நடுவில் நம்மூரில் ஏகப்பட்ட பேர் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றும் பெரிய கேமரா, வாங்கினார்கள். நிக்கான் டி90, டி3100, டி3200, டி5200, கேனான் 550டி, 600டி, 1100டி, 1200டி என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்தான் ஒன்றைச் சொல்வார்கள். முதல் சம்பளத்தில் வாங்கியது, குழந்தை பிறந்தபோது வாங்கியது, சிங்கப்பூரில் இருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. கொஞ்ச நாள் கழுத்திலேயே தொங்கியது, அப்புறம் போன் கேமரா நன்றாக வர ஆரம்பித்ததும் பைக்குள் போனது, பை பீரோவுக்குள் போனது, அதோடு சரி. இப்போது மறுபடி ஆசை வந்திருக்கிறது என்றால் இது உங்களுக்கு எழுதியது. அண்ணனோ சித்தப்பாவோ கொடுத்த பழைய கேமராவை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் புதியவர்களுக்கும் இதே வழிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திரும்பி வருகிற பலர் இந்த இடத்தில்தான் மறுபடி பையை மூடிவிடுகிறார்கள். முதல் வாரம் நீங்கள் எடுக்கும் படங்கள் உங்கள் போன் படங்களைவிட மட்டமாகத் தெரியும். வானம் வெளிறியிருக்கும், நிழல் கருப்பாக இருக்கும், நிறம் சப்பென்று இருக்கும். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போனில் ஒரு தடவை அமுக்கினால் அது பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, முகத்தை மழமழவென்று ஆக்கி, முடித்துக் கையில் கொடுக்கிறது. பழைய கேமரா இதில் எதையும் செய்யாது. ஒரே ஃப்ரேம், விழுந்த வெளிச்சம் எதுவோ அதுதான் படம். ஆனால் அதனுள்ளே இருக்கும் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) ஏறக்குறைய 23 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர், பெரும்பாலான போன் சென்சார்களைவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது, லென்ஸும் உண்மையான கண்ணாடி. போன் செய்துகொடுக்கும் மிச்ச வேலையை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டால் போன் தராத படம் இதில் வரும். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த மிச்ச வேலையைத்தான்.

இன்னொன்று, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். பேட்டரி, கார்டு, பத்திரமாக வைக்கத் தேவைப்படும் சில சின்னச் சாமான்கள் தவிர.

பையைத் திறந்ததும்

முதலில் பேட்டரியைப் பாருங்கள். வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த லித்தியம் பேட்டரி சில சமயம் சார்ஜரை ஏறெடுத்தே பார்க்காது, விளக்கு வேகமாகச் சிமிட்டும், அவ்வளவுதான் அதன் ஆயுள். வயிறு உப்பி கேமராவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், சர்வீஸ் கடையில் கொடுங்கள். செத்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் இ-வேஸ்ட் வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். புதிதாக வாங்க எண்ணைத் தெரிந்துகொண்டு போனால் போதும்: கேனான் 1100டி, 1200டி, 1300டி, 1500டி எல்லாவற்றுக்கும் எல்பி-ஈ10, 550டி முதல் 700டி வரை எல்பி-ஈ8, நிக்கான் டி3100, டி3200, டி5200-க்கு ஈஎன்-ஈஎல்14. வேறு கம்பெனி செய்த மாற்று பேட்டரிகளும் கிடைக்கும், விலை குறைவு, சீக்கிரம் இறங்கும். சில நிக்கான் கேமராக்கள் அவற்றை ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதனால் கடையிலேயே போட்டு ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேமரா ஆன் ஆனதும் தேதி கேட்கும். உள்ளே இருக்கும் குட்டிக் கடிகார பேட்டரி முழுக்க இறங்கியிருக்கும், பெரிய பேட்டரியைப் போட்டு ஒன்றிரண்டு நாள் விட்டால் அதுவே ஏற்றிக்கொள்ளும். தேதியைச் சரியாக வையுங்கள். பின்னால் ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே எதையாவது தேடும்போது இதன் அருமை தெரியும்.

அப்புறம் கார்டு. அதில் பழைய படங்கள் கட்டாயம் இருக்கும். அவற்றை முதலில் கம்ப்யூட்டரில் இறக்கி, திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு கார்டை ஃபார்மேட் செய்யுங்கள், அதையும் கேமராவுக்குள்ளேயே. கார்டு ரொம்பப் பழையதென்றால் மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 32 ஜிபி வரை உள்ளவை எஸ்டிஹெச்சி, 64 ஜிபியில் தொடங்கி மேலே போகிறவை எஸ்டிஎக்ஸ்சி. டி90 மாதிரி 2010-க்கு முந்தைய கேமராக்கள் எஸ்டிஹெச்சியோடு நின்றுவிடும். எந்த கேமராவாக இருந்தாலும் 32 ஜிபி ஒன்று தாராளம், முழுக்க ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூல ஃபைல்) எடுத்தாலும் ஆயிரம் படத்துக்கு மேல் பிடிக்கும்.

பிடிமான ரப்பர் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா, உப்பிப் பெயர்ந்து வருகிறதா? டி90 காலத்து கேமராக்களுக்கு இது சகஜம். பார்க்க அசிங்கமே தவிர படத்துக்கு ஒன்றும் ஆகாது.

பூஞ்சை: இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்

கடற்கரை ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவும். நம்மூர் ஈரப்பதத்தில், இருட்டில், காற்றோட்டம் இல்லாமல் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். கேமராக்காரர்கள் ஃபங்கஸ் என்பார்கள்.

பார்ப்பது எப்படி என்றால், லென்ஸைக் கழற்றி இரண்டு பக்க மூடியையும் எடுங்கள். கேனான் லென்ஸ் கழற்றும்போதே அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் ஓட்டை) திறந்துதான் இருக்கும். நிக்கானில் மூடிக்கொண்டிருக்கும், பின்பக்கம் உலோக வளையத்துக்குள் ஒரு குட்டி நெம்புகோல் தெரியும், அதை விரல் நகத்தால் மெல்லத் தள்ளிப் பிடித்தால் இதழ்கள் விரியும். இப்போது போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கத்திலிருந்து நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசி, எல்லா லென்ஸிலும் இருக்கும், விட்டுவிடுங்கள். சிலந்தி வலை மாதிரி, அல்லது வேர் பரவினாற்போல மெல்லிய இழைகள் விளிம்பில் இருந்து உள்நோக்கி ஓடினால் அதுதான் பூஞ்சை.

ஓரத்தில் துளி இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சத்தை எதிர்கொண்டு எடுக்கும் படமெல்லாம் பால் கலந்தாற்போல வெளுக்கும். நல்ல லென்ஸ் என்றால் சர்வீஸில் பிரித்துத் துடைக்கக் கொடுங்கள். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் என்றால் முதலில் விலை கேளுங்கள், துடைக்கும் கூலிக்குப் பக்கத்திலேயே பழைய கிட் லென்ஸ் ஒன்று கிடைத்துவிடலாம். எதுவானாலும் பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

இனிமேல் வைக்கும் இடம். கேமரா பை வெளியே எடுத்துக்கொண்டு போகத்தான், வைத்திருக்க அல்ல. அதன் ஃபோம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பீரோவும் வேண்டாம், அதிலும் துணிக்கு நடுவே அந்துருண்டையும் கற்பூரமும் போட்டு வைத்திருக்கும் பீரோ வேண்டவே வேண்டாம், இவற்றோடு கேமராவை வைக்காதே என்று நிக்கான் தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. சமையலறைக்கு வாங்கும் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கை நிறைய சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, இவ்வளவுதான் தேவை. மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே காட்டினால் நல்லது. 60-ஐத் தாண்டினால் ஜெல் நிறம் மாறியிருக்கும் (நீலம் என்றால் இளஞ்சிவப்பாக, ஆரஞ்சு என்றால் பச்சையாக), சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலி ஒன்றில் குறைந்த தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவுத் தூசிதான் மிச்சம். மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினெட் நல்ல பொருள்தான், ஆனால் ஒரு கேமரா இரண்டு லென்ஸ் வைத்திருப்பவருக்கு டப்பாவே போதும்.

சென்சார் தூசிக்கு ஒரு சோதனை: லென்ஸை எஃப்/16-இல் (அப்பர்ச்சர் ஓட்டை ரொம்பச் சின்னதாகும் அளவு) வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால் அது தூசி. மெனுவில், சென்சாருக்கு முன்னால் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தும் வசதி இருக்கும், பேட்டரி முழுதாக இருக்கும்போது அதைப் போட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோயரால் நாலு தடவை ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் அப்புறம் சர்வீஸ்தான். இரண்டு மூன்று பொட்டு மிச்சம் இருந்தால் இருக்கட்டும், எஃப்/5.6-இல் அது கண்ணுக்கே தெரியாது.

செட்டிங்: ஒரே தடவை, ஒரே மாதிரி

மெனுவில் ரீசெட் என்று இருப்பதைத் தேடி எல்லாவற்றையும் பழையபடி ஆக்குங்கள். எப்போதோ எதையோ மாற்றி வைத்திருப்பீர்கள், அது இப்போது நினைவில் இருக்காது.

அடுத்து, யாரும் சொல்லித் தராத ஒன்று. வ்யூஃபைண்டருக்கு (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், டயாப்டர் என்று பெயர். கேமரா வாங்கியபோது முப்பது வயது, இப்போது நாற்பத்தைந்து என்றால் உங்கள் கண் அதே கண் இல்லை. உள்ளே கீழ்வரிசையில் தெரியும் எண்கள் கூர்மையாகத் தெரியும் வரை அந்தச் சக்கரத்தைத் திருப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு எடுப்பதென்றால் போட்டுக்கொண்டே திருப்புங்கள். ஃபோகஸே ஆகவில்லை என்று புலம்புகிற பாதிக் கதை இதோடு தீர்ந்துவிடும்.

மேலே இருக்கும் டயலை பச்சை ஆட்டோவிலிருந்து எடுத்து நிக்கானில் ஏ, கேனானில் ஏவி என்ற இடத்தில் வையுங்கள். அப்பர்ச்சரை நீங்கள் சொல்வீர்கள், ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு நொடியில் எத்தனையில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் உள்ளே விழ வேண்டும் என்பதை, கேமரா பார்த்துக்கொள்ளும். மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராபர் என்று ஒரு பேச்சு உண்டு, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எஃப்/5.6-இல் தொடங்குங்கள். எண் குறையக் குறைய ஓட்டை பெரிதாகும், வெளிச்சம் கூடும், கூர்மையாக இருக்கும் ஆழம் குறையும். எஃப்/1.8-இல் பக்கத்தில் இருந்து எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மசங்கலாகவும் வரும். தெரிந்து செய்தால் அழகு, தெரியாமல் நடந்தால் கழிக்க வேண்டிய படம்.

ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு) ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 3200-இல் வையுங்கள். 1100டி, டி3100 மாதிரி கேமராவில் அதற்கு மேல் போனால் மணல் கொட்டினாற்போல இருக்கும், 3200-இலேயே கொஞ்சம் இருக்கும்தான், ஆனாலும் ஆடிப்போன படத்தைவிட மணல் படம் எவ்வளவோ மேல். குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் குறிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் 1/125 கொடுங்கள். இல்லாவிட்டால் வ்யூஃபைண்டரில் அந்த எண்ணை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். நிற்கிற ஆளுக்கு 1/125, ஓடுகிற பிள்ளைக்கு 1/500, இந்த இரண்டும் மனதில் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

ஃபோகஸ் புள்ளி நடுவில் ஒன்று மட்டும். கேமராவே தேர்ந்தெடுக்க விட்டால் அது முகத்தை விட்டுவிட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குடத்தைப் பிடிக்கும். நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அமுக்கி, பீப் வந்ததும் அப்படியே வைத்துக்கொண்டு ஃப்ரேமை நகர்த்தி முழுதாக அமுக்க வேண்டியதுதான்.

படத் தரம் என்ற இடத்தில் ராவும் ஜேபெக்கும் (கேமராவே முடித்துக் கொடுக்கும் படம்) சேர்த்து எடுக்கச் சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு ஜேபெக்கைப் பாருங்கள், ராவைச் சும்மா சேர்த்து வையுங்கள். அது எதற்கென்று பின்னால் வருகிறது.

முதல் மாதம்: வீட்டுப் பக்கத்தில், ஒரே லென்ஸோடு

ஊட்டிக்கும் மூணாறுக்கும் கிளம்பவேண்டாம். நடந்துபோகும் தூரத்தில் ஏதாவது ஒரு இடம், காய்கறிச் சந்தை, குளக்கரை, பேருந்து நிலையம், மாடவீதி, எதுவாகவும் இருக்கட்டும். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் தடவை போகும்போது எல்லோரும் எடுக்கும் படத்தைத்தான் எடுப்பீர்கள். பூக்கடை அக்கா எத்தனை மணிக்குத் தண்ணீர் தெளிக்கிறார், எதிர்க் கட்டிடத்தின் நிழல் எப்போது விலகி வெயில் அந்தக் கூடையின் மேல் விழுகிறது என்பதெல்லாம் நாலைந்து தடவை போனால்தான் கண்ணில் படும்.

கிட் லென்ஸை 35 மில்லிமீட்டரில் வைத்து ஸூம் வளையத்தில் துளி டேப் ஒட்டிவிடுங்கள். இந்தச் சென்சாரில் 35 என்பது பழைய ஃபிலிம் கேமராவின் 50-க்குச் சமம், ஒதுக்கித் தள்ளவும் செய்யாது, மூக்கை நீட்டவும் செய்யாது. ஆளைப் பெரிதாக எடுக்க வேண்டுமா, பக்கத்தில் போங்கள். அடுத்தது எண்ணிக்கை: ஒரு நடைக்கு 36 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் ரோல் போட்டு எடுத்தவர்களுக்கு இந்த எண் கையிலேயே இருக்கும். வரம்பு இருந்தால் அமுக்குவதற்கு முன்னால் ஒரு நொடி ஃப்ரேமின் நாலு மூலையையும் கண் சுற்றிவரும், மூலையில் நிற்கும் கரண்ட் கம்பம் அப்போதே தெரிந்துவிடும்.

நேரம்தான் பாதிப் படம். நம்மூர் உச்சி வெயில் ஐரோப்பிய வெயில் மாதிரி சாய்ந்து வராது. சென்னையில் ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கும், ஒரு கம்பை நட்டால் நிழலே விழாது. அந்த வெளிச்சத்தில் ஆளை நிறுத்தினால் கண் இரண்டும் குழியாகி, மூக்கு நிழல் உதட்டில் விழும். காலையில் வெயில் ஏறும் முன்னும், சாயங்காலம் நாலரைக்கு மேலும் எடுங்கள். சென்னையில் சூரியன் ஜூனில் 5.45-க்குள் எழுந்துவிடும், ஜனவரி கடைசியில் 6.30 தாண்டும், இதைத் தெரிந்துகொண்டு அலாரம் வையுங்கள்.

மதியம்தான் நேரம் கிடைக்கிறது என்றால் வாசலுக்கு வாருங்கள். திண்ணையில், அல்லது கதவு நிலைக்கு ஓரடி உள்ளே, தெருவைப் பார்த்தபடி ஆளை உட்காரவைத்து நீங்கள் வெளியே நின்று எடுங்கள். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தில் பரவலாக விழும், வீட்டின் உள்பக்கம் இருண்டு பின்னணியாகிவிடும். ஸ்டுடியோவில் காசு கொடுத்து உண்டாக்கும் வெளிச்சம் இது.

கிழக்குக் கடற்கரையில் சூரியோதயம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் கடலைப் பார்த்து நிற்பார்கள். கொஞ்ச நேரம் திரும்பி நில்லுங்கள். வலை பிரிப்பவர்கள், படகின் வண்ணம், டீ ஆற்றுகிறவர் என்று மொத்தக் கரையும் பொன் வெளிச்சத்தில் உங்களைப் பார்த்து நிற்கும். வீட்டுக்கு வந்ததும் கேமராவையும் லென்ஸின் வெளிப்பக்கத்தையும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

வெள்ளை வேட்டியும் கருங்கல் சிலையும்

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு ஒரு குணம் உண்டு, இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வித்தை கைக்கு வந்துவிடும். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சம் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடும். வேட்டி சட்டையில் இருக்கும் தாத்தாவை ஃப்ரேம் நிறைய எடுங்கள். வெள்ளை அதிகமாக இருப்பதால் கேமரா மிரண்டு குறைத்துவிடும், வேட்டி அழுக்காகவும் முகம் இருட்டாகவும் வரும். அதே கேமராவோடு கோயில் மண்டபத்தில் எண்ணெய் ஏறிய கருங்கல் துவாரபாலகரை எடுங்கள். கருப்பு அதிகம் என்பதால் கூட்டிவிடும், கல் சிமெண்ட் மாதிரி வெளுத்துப்போகும், உளி வேலையெல்லாம் காணாமல் போகும்.

மருந்து கூட்டல் கழித்தல் பட்டன். நிக்கானில் ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்திலும், கேனானின் சின்ன மாடல்களில் பின்பக்கம் ஏவி என்று எழுதியும் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினால் முள் நகரும். வெள்ளைக்கு கூட்டுங்கள், +1 வரை. கருப்புக்குக் குறையுங்கள், -1 வரை. தலைகீழாகத் தோன்றினாலும் இதுதான் சரி. நம் தோலின் நிறத்துக்கும் இது பொருந்தும்: மாநிறம், கருப்பு முகத்தை நெருக்கமாக எடுக்கும்போது கேமரா தானாகவே வெளுக்கவைக்கும், மூன்றில் ஒன்றோ மூன்றில் இரண்டோ குறைத்தால் ஆள் ஆளாகவே இருப்பார். போன்களும் கல்யாண ஆல்பக்காரர்களும் எல்லோரையும் வெள்ளையடித்துப் பழக்கிவிட்டார்கள், நீங்களாவது செய்யாமல் இருங்கள்.

படத்தைத் திரும்பப் பார்க்கும் திரையில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள். வெள்ளை வெந்துபோன இடம் மினுக்கும். வெயிலில் திரையின் வெளிச்சத்தை நம்பவே முடியாது, இந்த மினுக்கலை நம்பலாம். வேட்டி மினுக்கினால் கூட்டியது அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.

வீட்டு விசேஷங்களில்

எல்ஈடி, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் பாதி மஞ்சளாகவும் பாதி சரியாகவும், சில சமயம் குறுக்கே பட்டை பட்டையாகவும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு படம் ஏற்றத்திலும் அடுத்தது இறக்கத்திலும் மாட்டும். 1/100 அல்லது 1/50-இல் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் டயலை நிக்கானில் எஸ், கேனானில் டிவி (Tv) என்ற இடத்துக்கு, அதாவது ஷட்டர் வேகத்தை நீங்களே சொல்லும் இடத்துக்கு, மாற்றி 1/100-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வந்த குட்டி ஃபிளாஷைத் தூக்காதீர்கள், முகத்தில் எண்ணெயும் சுவரில் நிழலும்தான் வரும். ஜன்னல் ஓரமாக ஆட்களை நகர்த்துங்கள், மேடையில் வீடியோக்காரர் விளக்கு எரிந்தால் அதையே ஓசியில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள்

போனை நீட்டினால் யாரும் கவலைப்படுவதில்லை. பெரிய கேமராவைத் தூக்கினால் எந்தப் பத்திரிகை, எந்தச் சேனல், எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேள்வி வரும். “அக்கா, சும்மா ஆசைக்கு எடுக்கிறேன், ஒண்ணு எடுத்துக்கவா?” என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள், முடியாது என்றால் விட்டுவிட வேண்டும், பேரம் கிடையாது. எடுத்ததும் திரையில் காட்டுங்கள். பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள், அந்தச் சந்தையில் அப்புறம் உங்களை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கோயில்களில் கவனம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொன்னது, கேமரா விதி கோயிலுக்குக் கோயில் மாறும், வாசலில் கேட்டுவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் வெளியே கையில் வைத்து எடுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை, டிரைபாட் விரித்தால் அனுமதி கேட்பார்கள். கருவறைப் பக்கம் எங்குமே வேண்டாம். ரயில் நிலையம், துறைமுகம், ராணுவக் கட்டிடங்கள் பக்கம் பெரிய கேமராவைக் கேட்காமல் தூக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின்

இங்கேதான் பொழுதுபோக்கு நிற்பதும் விழுவதும். படம் எடுப்பது யாருக்கும் கஷ்டம் இல்லை, கார்டில் இருந்து இறக்கிப் பார்ப்பதற்குத்தான் சோம்பல். இறக்காத கார்டு ஒரு மாதம் கிடந்தால் அடுத்த நடைக்குக் கேமராவை எடுக்கவே கை வராது. அதனால் அன்றைக்கே இறக்குங்கள். வருடம், மாதம், இடம் என்று ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள், அதற்கு மேல் ஒழுங்கு வேண்டாம். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்கில். குழந்தை படம், அப்பா அம்மா படம் போன்றவற்றுக்கு மூன்றாவது பிரதி வேறொரு வீட்டிலோ ஆன்லைனிலோ இருக்கட்டும்.

அப்புறம் கழிப்பது. 36-இல் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே காட்சியின் நாலு படத்தில் எது நல்லது என்று முடிவுசெய்ய முடியாமல் நாலையும் வைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. அன்றைக்கே முடியவில்லையா, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், எடுத்தபோது பட்ட பாடு மறந்திருக்கும், படம் மட்டும் தெரியும்.

அந்த மூன்றுக்கு மட்டும் ராவைத் திறங்கள். கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ இரண்டும் இலவசம், உங்கள் கேமராவின் நிறத்தை அப்படியே கொண்டுவரும், தொடங்க இதுவே நல்லது. பழகியபின் டார்க்டேபிள், ராதெரபீ என்று இலவசமாகவே பெரிய மென்பொருள்கள் இருக்கின்றன, கொஞ்சம் மண்டையைக் காயவைக்கும். செய்யவேண்டியது சின்ன வேலை: வெளிச்சத்தைச் சரிசெய்து, வெந்த வெள்ளையை இறக்கி, நிழலைக் கொஞ்சம் தூக்கி, கோணலை நேராக்குங்கள். முதல் வாரம் சப்பென்று தெரிந்த அதே ஃபைல் இங்கே எழுந்து உட்காரும். உங்கள் 2012-ஆம் வருடத்து ரா ஃபைல்கள் எங்காவது மிச்சம் இருந்தால் அவற்றையும் ஒருமுறை இன்றைய மென்பொருளில் திறந்து பாருங்கள், இரைச்சல் (அந்த மணல் புள்ளிகள்) நீக்கும் கணக்குகள் இப்போது எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன.

மாதம் ஒரு தடவை நாலைந்தைப் பிரிண்ட் போடுங்கள். ஸ்டுடியோக்களில் மேக்ஸி என்று சொல்லும் 4×6 அளவு டிஎஸ்எல்ஆரின் 3:2 ஃப்ரேமுக்கு அச்சாகப் பொருந்தும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. போன் படம் 4:3 என்பதால் அதில் தலையோ காலோ போகும். ஸ்டுடியோவில் கொடுக்கும்போது கலர் கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துக் குறைத்த கருங்கல்லை அங்கே மறுபடி வெளுத்துவிடுவார்கள்.

எப்போது, எதை வாங்கலாம்

ஆறு மாதம் இப்படி ஓடியபின் நீங்கள் தேர்ந்து வைத்த படங்களின் விவரத்தைத் திறந்து பாருங்கள், எந்த ஃபோக்கல் லென்த்தில் (லென்ஸை 18, 35, 55 என்று எந்த எண்ணில் வைத்து) எடுத்தது என்று ஒவ்வொரு ஃபைலிலும் எழுதியிருக்கும். டேப்பைப் பிய்த்த பிறகு எல்லாம் 18-இலேயே இருக்கிறதா, 55-இல் முட்டிக்கொண்டு நிற்கிறதா, இருட்டில் எடுத்ததெல்லாம் ஆடியிருக்கிறதா என்று பார்த்தால் எந்த லென்ஸ் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். பெரும்பாலானவர்களுக்கு முதல் லென்ஸ் 50 எஃப்/1.8 அல்லது 35 எஃப்/1.8 ஆகத்தான் இருக்கும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக்காரர்கள் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும்: அந்த கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதனால் லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கவேண்டும். வெறும் ஏஎஃப், பின்னால் டி என்று இருந்தால் விலை மலிவாக இருக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். கேனான்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, எல்லா ஈஎஃப் லென்ஸிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது.

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவரவில்லை, எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே அந்தத் தூக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) போகிறார்கள். நமக்கு இது நல்ல காலம், நல்ல லென்ஸ்கள் பழைய சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வாங்கும்போது அந்த டார்ச் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள், விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரண்டாம் கை கேமரா பாடி என்றால் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள், நிக்கானில் எடுத்த படத்தின் ஃபைலிலேயே அந்த எண் பதிந்திருக்கும், டி3100 வகைக்கு ஒரு லட்சம் என்பது கம்பெனி சோதித்துப் பார்த்த கணக்கு. பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் இப்போது வாங்கும் லென்ஸ் வீணாகாது, இரண்டு கம்பெனிகளுமே அடாப்டர் தருகின்றன.

வேடந்தாங்கல் பக்கம் போய்ப் பறவை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. நவம்பரில் இருந்து மார்ச் வரை சீசன், 55-250 ஸூம் லென்ஸைக் கடன் வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள், அதற்கு மேல் எவ்வளவு பெரிய லென்ஸ் வேண்டும் என்பதை அதற்கப்புறம் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.